புருவத்தில் விழுந்த பிறை

என் வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஜெர்மனி ரயிலில் மேல்தட்டிலிருந்து பெட்டி விழுந்துவிட்டது என்று வீட்டில் சொல்லி, நண்பர்களிடம் சொல்லி, பல் தேய்க்கும்போது கண்ணாடியிடமும் சொல்லிப் பழகிவிட்டேன். பொய். அது நானே கண்ணோடு ஒட்டி வைத்து, நானே விசையை இழுத்து, நானே வாங்கிக்கொண்ட அடி. வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு வார இதழில் ஒரு வருடத்துக்கு மேல் தொடர் எழுதியவன் நான். அதுவரை என் கை பட்ட ஒரே ஆயுதம் தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கி. அதற்கும் ரோல் மாட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் மாட்டிக் கொடுப்பாள்.

தொடரை எப்படி எழுதினேன் என்றால், பழைய புத்தகக் கடைகளில் வெள்ளைக்காரத் துரைகளின் வேட்டை நினைவுகள் எடைக்குக் கிடைக்கும். அவற்றை மூட்டையாக வாங்கி வந்து, மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு படித்து, யானைக்கு எது, காட்டெருமைக்கு எது என்று வாரா வாரம் தீர்ப்பு வழங்கினேன். 'பெரிய விலங்குக்குப் பெரிய தோட்டாதான் மரியாதை. மற்றதெல்லாம் கஞ்சத்தனம்' என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போய் எழுந்து போய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். அந்த வரியை டோர்ட்மண்டில் ஒருவர் நம்பிவிட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவர் பெயர் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், குளிர்ப்பெட்டி லாரிகளில் தமிழ்க் கடைகளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வுப்பர்டாலில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அது தெரிந்து தொலைபேசியில் வந்தார். "அண்ணை, ஒரு கிழமை நிக்கிற மாதிரி வாங்கோ. நான் வேட்டைச் சோதனை பாஸ் பண்ணிட்டன். எனக்கு ஒரு தோட்டாவும் குழலும் நீங்கள்தான் தெரிஞ்சு தரவேணும்." தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். நான், "உங்க உயரம் என்ன குகன்?" என்று கேட்டேன். எதற்கு உயரம் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விமான நிலையத்திலிருந்து டோர்ட்மண்டுக்கு ரயில். ஜெர்மன் ரயிலின் நேரந்தவறாமையைப் பற்றி நம்மூரில் மேடை போட்டுப் பேசுகிறவர்களை எல்லாம் பிடித்து அந்த நடைமேடையில் நிற்க வைக்க வேண்டும். வண்டி தாமதம் என்றார்கள். பிறகு நடைமேடை மாறியது என்றார்கள். படியிறங்கி, ஏறிப் போய்ச் சேர்ந்ததும் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன என்றார்கள். முன்பதிவு செய்த என் பெட்டி இணைக்கப்படவே இல்லை. கழிவறைக் கதவில் வருத்தம் தெரிவித்து ஒரு காகிதம். நம்மூரில் ரயில் தாமதமானால் கத்துவதற்கு ஆள் கிடைக்கும், கூடக் கத்துவதற்கும் ஆள் கிடைக்கும். இங்கே முந்நூறு பேரும் மூச்சு விடாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கோபப்பட ஒரு துணையில்லாத நாடு. பாதி வழியில் எல்லோரையும் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். பக்கத்திலிருந்த கிழவி மட்டும் ஏதோ சொன்னாள். பின்னால் இருந்த பையன் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்: "தன் கணவர் உயிரோடு இருந்திருந்தால் இதற்குள் செத்திருப்பார் என்கிறாள்." அந்தக் கிழவியை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

குகனின் மனைவி சுமதி புட்டும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். வயிறு நிறைந்ததும் கோபம் கொஞ்சம் தூங்கப் போனது. அவர்தான் எழுப்பினார்.

"அண்ணை, நீங்கள் படிச்ச மனிசர், ஒண்டு கேக்கிறன். துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள் இவர். இப்ப காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறார். இதுக்கு உங்கட புத்தகத்திலை என்ன பேர்?"

"இஞ்சேரும், அவர் இப்பதான் வந்தவர்," என்றார் குகன்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் காட்டின் வேட்டை உரிமையை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருப்பார். சாவர்லாண்ட் மலைப்பக்கத்தில் அப்படி ஒரு காட்டை பிரிங்க்மான் என்ற மரவியாபாரி வைத்திருந்தார். அவருடைய வேட்டைகளில் குகன் நான்கு வருடம் காடு கலைக்கிறவராகப் போயிருக்கிறார். அதாவது முட்புதருக்குள் கம்போடு நடந்து, கத்தி, பன்றிகளைத் துப்பாக்கிக்காரர்கள் பக்கம் விரட்டுகிற வேலை. கூலி, ஒரு கிண்ணம் பட்டாணிச் சூப். இப்போது பரீட்சை எழுதி, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி, முதல் தடவையாகத் துப்பாக்கியோடு வரச் சொல்லியிருக்கிறார் பிரிங்க்மான். சனிக்கிழமை வேட்டை. அதற்கு முன் ஓடும் இலக்கைச் சுட்டுத் தேர்ச்சி காட்ட வேண்டும். வேட்டையில் ஒழுங்காக நடந்துகொண்டால் வருடம் முழுக்க அந்தக் காட்டில் தனியாக நுழைய அனுமதி. சொதப்பினால் இந்த ஊரில் இன்னொரு குத்தகைக்காரர் கூப்பிட மாட்டார்.

"எதுக்கு குகன் இவ்வளவு?" என்றேன்.

"காட்டிலை ஒருத்தரும் 'எங்கையிருந்து வந்தனீ' எண்டு கேக்க மாட்டினம் அண்ணை," என்றார்.

மறுநாள் துப்பாக்கிக் கடை. நம்மூர் நகைக்கடை மாதிரி வெளிச்சம், விரிப்பு, கண்ணாடிப் பெட்டிகள். விற்பனையாளர் மீசைக்காரர். முப்பது வருடமாக இந்த நாட்டில் லாரி ஓட்டும் குகனிடம், பாலர் பள்ளிப் பிள்ளையிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். முடிவில், "நீங்கள் ரொம்ப நன்றாக ஜெர்மன் பேசுகிறீர்கள்" என்று பாராட்டினார். குகன் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சிரிக்கிறீங்க?" என்றேன். "கிழமைக்கு ரெண்டு பேர் சொல்லுவினம் அண்ணை. ஒவ்வொருத்தருக்கும் கோவிச்சா மீன் பழுதாப் போயிடும்."

நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் மீசைக்காரர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "புலி?" என்றார். இல்லை, நான் எழுத்தாளன் என்று அங்கேயாவது சொல்லியிருக்கலாம். புன்னகைத்தேன்.

அவர் கடை பரப்பினார். குழலை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய துப்பாக்கி அது. உடல் ஒன்று, அளவுக்கு ஏற்றபடி குழல்கள் பல. எது உங்களுக்குத் தோட்டா என்று முடிவு செய்தால் அதற்கேற்ற குழலைப் பூட்டித் தருவார். வரிசையாகத் தோட்டாக்களை மேசையில் நிற்க வைத்தார், பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்கிற மாதிரி. ஜெர்மன்காரர்களின் பழைய எட்டு-ஐம்பத்தேழு, அதாவது எட்டு மில்லிமீட்டர் அகலக் குண்டு. அமெரிக்கர்களின் முந்நூற்றெட்டு. கடைசியில், மற்றவை எல்லாம் அதற்குத் தம்பி தங்கை போல, முந்நூறு மேக்னம். நீண்டு, பளபளத்து, இடுப்பில் ஒரு வளையத்தோடு.

"இவர் சொல்றார், பன்றிக்கும் மானுக்கும் எட்டு-ஐம்பத்தேழே காணுமாம். மேக்னம் எண்டா தூரச் சூடு, மலைநாட்டுக்காரருக்காம்," என்று குகன் மொழிபெயர்த்தார். "நீங்கள் என்ன சொல்றியள்?"

நான் என் தொடரின் வரியைச் சொன்னேன். பெரிய விலங்குக்குப் பெரிய தோட்டாதான் மரியாதை. குழலும் அறுபத்தைந்து சென்டிமீட்டர் நீளம் வேண்டும், மருந்து முழுக்க உள்ளேயே எரிந்து குண்டுக்கு வேகம் கூடும் என்றேன். அது புத்தகத்தில் இருந்தது, பொய்யில்லை. அந்தக் காட்டில் எந்த விலங்கும் அறுபது தப்படிக்கு அப்பால் கண்ணில் படாது என்பது புத்தகத்தில் இல்லை. விற்பனையாளர் மறுத்துப் பேசாமல் மேக்னம் குழலை எடுத்தார். விலை உயர்ந்த தவறைச் செய்கிற வாடிக்கையாளரிடம் எந்த நாட்டு வியாபாரியும் வாதாட மாட்டார்.

கடைக்குக் கீழேயே சுடுதளம். முதலில் அசையாத இலக்கு. பிறகு ஓர் அறையில் திரைப்படம் ஓடும், திரையில் பன்றி குறுக்கே பாயும், நிஜத் தோட்டாவால் திரையைச் சுட வேண்டும். பார்வையாளர்கள் திரையைச் சுடுவதற்கு அனுமதி உள்ள தியேட்டரை முதன்முதலில் பார்த்தேன். நம் ஊர்ப் படங்கள் சிலவற்றுக்கு இந்த வசதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் அன்றைக்குக் கடைசியாக வந்த நகைச்சுவை.

குகன் சுட்டார். காதுக் கவசத்தையும் மீறி நெஞ்சுக்கூட்டில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. குண்டு இலக்குக்குக் கீழே போயிற்று. மறுபடியும் கீழே. மீசைக்காரர் துப்பாக்கியை வாங்கி, முதுகைக் காட்டி நின்று தோட்டா போட்டுத் திருப்பிக் கொடுத்தார். குகன் விசையை இழுத்தார். வெடிக்கவில்லை, உள்ளே இருந்தது வெற்றுத் தோட்டா. ஆனால் குழலின் முனை சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. வெடிப்பதற்கு முன்னாலேயே குகனின் உடம்பு குனிந்துவிட்டிருந்தது.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னிடம் மட்டும் சொன்னார். "சின்னத் தோட்டாவிலை சோதனை பாஸ் பண்ணினனான் அண்ணை. இந்தச் சத்தத்துக்கு உடம்பு தானாப் படுக்கப் பாக்குது. நான் சொன்னாலும் கேக்குதில்லை."

நியாயமாக அந்த இடத்தில் நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உயரம் கேட்டவன், இந்த மனிதர் எதையெல்லாம் கேட்டுவிட்டு இங்கே வந்தார் என்று கேட்கவில்லை. மாறாக, "பழக்கம்தான் குகன், இங்கே கொடுங்க," என்றேன். மேற்பார்வைக்கு ஆள் நின்றால் அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் சுடலாம். மீசைக்காரர் என்னவோ சொன்னார். குகன் மொழிபெயர்ப்பதற்குள் நான் தொலைநோக்கிக் கண்ணாடியில் கண்ணை ஒட்டி வைத்துவிட்டேன். அவர் சொன்னது, 'கண்ணை ஒட்டி வைக்காதே.'

துப்பாக்கி பின்னால் வந்தது. அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது மூக்கு வழியாக ரத்தம் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மீசைக்காரர் கொஞ்சமும் பதறாமல் மேசை இழுப்பறையைத் திறந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்தார். அந்த இழுப்பறையில் வேறெதுவும் இல்லை.

கூட்டம் மறுநாள். வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓடுகிற ரயிலில் போனேன். அது மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. தொங்கவிட்டால்தான் ஒழுங்காக ஓடும் போலிருக்கிறது. புருவத்தில் பெரிய வெள்ளைப் பிளாஸ்திரியோடு மேடையேறி இலக்கியத்தில் வன்முறை பற்றிப் பேசினேன். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "உங்கட நெத்தியிலை என்ன?" ரயில் பெட்டி, என்றேன். பொய் அங்கேதான் பிறந்தது. முன்வரிசையில் இருந்த சுமதி, "ஓம், துவக்கு ரயில்," என்றார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வரும் வழியில் சுமதி தீர்மானமாகச் சொன்னார். "நான் ஊன்ட்றொப் கோயில் அம்மனிட்டைச் சொல்லிப்போட்டன். நாளைக்கு நானும் கடைக்கு வாறன்."

வந்தார். மீசைக்காரர் முதலில் எட்டு-ஐம்பத்தேழைக் காட்டினார். எல்லாப் பொருத்தமும் இருந்தது. உதை குறைவு, தோட்டா எங்கும் கிடைக்கும், பிரிங்க்மானே அதைத்தான் வைத்திருக்கிறார். குகனுக்கும் பிடித்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"எட்டு வேண்டாம்," என்றார் சுமதி.

"ஏன்?"

"இவர் பதினேழாம் திகதி பிறந்தவர். ஏற்கெனவே எட்டு. எட்டுக்கு மேலை எட்டு கையிலை குடுக்க ஏலாது."

நம்மூரில் வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் பதிவு அலுவலகத்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைக் கிண்டல் செய்தே பாதி வாழ்நாள் சோறு தின்றவன். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தால் இங்கேயும் சனி பகவான் விரிப்புப் போட்ட கடைக்குள் நின்றுகொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பிளாஸ்திரி துடித்தது.

"சுமதி, கூட்டிப் பாருங்க. எட்டு, அஞ்சு, ஏழு. இருபது. கூட்டினா ரெண்டுதான் வருது."

"கூட்டுறது காருக்கு. துவக்குக்கு முன்னுக்கு நிக்கிறதுதான் நம்பர்."

"யார் சொன்னது?"

"பெரிய தோட்டாதான் மரியாதை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நான் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டேன். முந்நூற்றெட்டு அதன் வாலில் எட்டு வைத்திருந்ததால் விழுந்தது. குட்டைக் குழலுக்கு அதுதான் மிகவும் ஏற்றது என்று மீசைக்காரர் மன்றாடியும் விழுந்தது. கடைசியில் முப்பது-பூச்சியம்-ஆறு என்ற ஒன்று வந்தது. சுமதி விரல் மடக்கினார். "ஒன்பது. செவ்வாய். முருகனுக்கு உரியது. இவர் குகதாசன். இதைப் பூட்டச் சொல்லுங்கோ." ஒரு நிமிடத்துக்கு முன் கூட்டக் கூடாது என்று சொன்னவர் இவர்தான் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் அந்தக் கடையில்தான் இருப்போம்.

குகன் காரணத்தை ஒளிக்காமல் ஜெர்மனில் விளக்கினார். அந்த ஆள் சிரிப்பார், அப்போது அவர்மேல் பாயலாம் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. குகன் அவர் சொன்னதை எனக்குச் சொன்னார். "தன்ரை வாடிக்கைக்காரர் ஒருத்தர் தகப்பன் வைச்சிருந்த அளவைத் தவிர வேறொண்டையும் தொட மாட்டாராம். இன்னொருத்தர் அமெரிக்கத் தோட்டா எண்டாக் கடையை விட்டே போயிடுவாராம். அவையோடை பாக்கேக்கை சுமதியின்ரை காரணம் பரவாயில்லையாம்." பிறகு தராசில் நிறுப்பது போலத் தோட்டாவைக் கையில் உருட்டினார் மீசைக்காரர். "இதுக்கும் முந்நூற்றெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பன்றிக்குத் தெரியாதாம்."

குழல் நீளத்தில்தான் என் கடைசித் தோல்வி. ஐம்பத்தொரு சென்டிமீட்டர், முனையில் சத்தம் குறைக்கும் குப்பி. குழல் குட்டையானால் கொஞ்சம் வேகம் போகும், மருந்து கொஞ்சம் வெளியே எரியும், தெறிக்கும், சத்தம் கூடும். அந்தக் குப்பி அதையெல்லாம் விழுங்கிவிடும். நீளக் குழலின் நுனியில் அதையும் பூட்டினால் தூண்டில் கம்போடு காட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். குகன் சுட்டார். ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் போட்ட சத்தம். குண்டு நடுவில். மறுபடி நடுவில். வெற்றுத் தோட்டாவை ஒளித்து வைத்துக் கொடுத்தபோது குழல் அசையவில்லை. திரையில் ஓடிய பன்றிகளுக்கு அன்று மாலை நல்ல நேரமில்லை. தேர்ச்சிச் சீட்டு கிடைத்தது. குகன் அதைப் பிள்ளையின் பள்ளிப் படம் போலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. காடு. குளிர் காலணிக்குள் ஏறி முழங்காலில் குடியேறியது. ஆரஞ்சு நிறச் சட்டையில் முப்பது பேர், கொம்பு ஊதுகிற இருவர், நாய்கள். நம்மூரில் மலையடிவாரத்து விவசாயி பன்றி புகுந்த நிலக்கடலைக் காட்டின் நடுவே தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். கை வைத்தால் வழக்கு. இங்கே அதே பன்றிக்கு வரவேற்பு இசை. பிரிங்க்மான் ஆறரை அடி உயரம், மரத்தையே வெட்டிச் செய்த முகம். என்னோடு கைகுலுக்கினார். பிறகு என் புருவத்தைப் பார்த்தார். அங்கிருந்த ஒவ்வொருவரும் கைகுலுக்கிவிட்டு என் புருவத்தைத்தான் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிறை அவர்கள் மொழியில் ஒரு முழு வாக்கியம் போலிருக்கிறது.

பிரிங்க்மானின் குத்தகைப் பங்காளி ஒரு பல் மருத்துவர். அவர் தோளில் முந்நூறு மேக்னம், நீளக் குழல். நான் கேட்ட அதே அளவு; குகன் அதைச் சொல்லி, என் மரியாதை வரியையும் அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது.

குகனுக்கு ஓர் உயர மேடை கொடுத்தார்கள். பின்னால் நான். மேடையை விட்டு, கொம்பு ஊதும்வரை, எதற்காகவும் இறங்கக் கூடாது. தூரத்தில் காடு கலைக்கிறவர்களின் குரல் கேட்டது. குகன் தானாகவே உதட்டுக்குள் அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்தார்.

பிறகு பன்றி வந்தது. பெரியது, தனியன். இளம் ஊசியிலை மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்து தெரிந்து ஓடியது. குகன் துப்பாக்கியை உயர்த்திக் கூடவே கொண்டுபோனார். "சுடுங்க," என்று கிசுகிசுத்தேன். குழல் பன்றியோடு நகர்ந்தது, நகர்ந்தது, பிறகு கீழே இறங்கியது.

"முழுசாத் தெரியேல்லை அண்ணை."

பல் மருத்துவர் இருந்த அடுத்த மேடையிலிருந்து இடி போல ஒரு வெடி. குகனின் தோள் குனிந்து நிமிர்ந்தது. பன்றியின் பின்பக்கம் மண்ணில் உட்கார்ந்து, எழுந்து, இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் போயிற்று. ஓர் ஓசை வந்தது. அதை எழுதத் துரைமார் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் புத்தகங்களில் விலங்குகள் எல்லாம் 'விழுந்தன'. நாங்கள் கொம்பு ஊதும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்த ஓசையும் பள்ளத்திலேயே இருந்தது. பிறகு இல்லை.

வேட்டை முடிந்து நெருப்பைச் சுற்றிப் பட்டாணிச் சூப். காயம்பட்டதைத் தேட ஒரு பெண் தன் நாயோடு பள்ளத்துக்குள் இறங்கியிருந்தாள். இங்கே எல்லோரும் ஆராய்ச்சி செய்தார்கள். குண்டு வேகம் அதிகமாம், விரியாமல் ஊடுருவிப் போய்விட்டதாம். இல்லை, குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் முறுக்கு சரியில்லையாம். கிளையில் பட்டிருக்குமாம். குகன் ஒவ்வொன்றாக என் காதில் சொல்லச் சொல்ல நான் ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். மறைவில் ஓடுகிறதைச் சுட்டது தப்பு என்று யாராவது சொல்வார்கள் என்று. சொல்லவில்லை. பல் மருத்துவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "அடுத்த வருடம் இன்னும் பெரியதாக வாங்கப் போகிறேன். பெரிய விலங்குக்குப் பெரிய தோட்டாதான் மரியாதை, இல்லையா?" என்றார்.

என் வரி. என் காப்பி. கையில் சூப்புக் கிண்ணத்தோடு அந்த ஆள் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்.

எனக்குக் கோபம் ஆங்கிலத்தில் வராது. "யோவ், நீ பல்லு பிடுங்குறவன்தானே? தப்பான பல்லைப் பிடுங்கிட்டு இடுக்கி சின்னதுன்னு சொல்லுவியா? உள்ள ஒரு உயிரு இழுத்துக்கிட்டுக் கிடக்கு, இங்க முறுக்கு சரியில்லைங்கிறான், குண்டு விரியலைங்கிறான்! கண்ணு தெரியலைன்னா விரலை மடக்கி வச்சிக்கிட்டு உக்காரு, இதோ இந்த மனுஷன் உக்காந்தான் பாரு, அவனுக்கு இருக்கிற..." இன்னும் நிறைய வந்தது. அச்சேறாது. பல் மருத்துவரைத் திட்டத் தொடங்கி, தொடர் எழுதியவனைத் திட்டி முடித்தேன் என்று நினைக்கிறேன். நாய்கள் குரைத்தன. முப்பது பேரும் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பிரிங்க்மான் குகனைப் பார்த்து ஏதோ கேட்டார். குகன் நாலே சொல்லில் பதில் சொன்னார். பிரிங்க்மான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நெருப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். பல் மருத்துவர் கிண்ணத்தோடு காருக்குப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் இந்தக் காட்டின் பங்காளி.

நாய்க்காரப் பெண் அந்தப் பன்றியை இழுத்து வரச் செய்தாள். சுட்ட விலங்குகளைப் பசுங்கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். பிரிங்க்மான் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிறு பச்சைத் தளிரை வைத்தார். கடைசி வாய் உணவு என்று அதற்குப் பெயராம். முப்பது பேரும் தொப்பி இல்லாமல், பேச்சில்லாமல்.

"வாய்க்கரிசி மாதிரி இருக்கே," என்றேன், என்னை அறியாமல்.

குகன் அந்தப் பெரிய பன்றியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கடை ஆக்களிலை கனபேருக்கு உதுவும் கிடைக்கேல்லை அண்ணை."

எனக்குக் கோபப்படத் தெரிந்த விதங்கள் எல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோயின.

காரைக் குகன் ஓட்டினார். சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக அவர் முகத்தின் மேல் போய்வந்தன. டோர்ட்மண்ட் பலகை தெரிந்தபோது, "நாலு வருசம் முள்ளுக்குள்ளை நடந்தனான்," என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை," என்றார். பரவாயில்லை என்கிற சொல்லை யாழ்ப்பாணத்துக்காரர்கள் மிக மரியாதையாகச் சொல்வார்கள்; அதனால் இன்னும் வலிக்கும். சுமதி கதவைத் திறந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

கோயம்புத்தூர் திரும்பியதும் அந்தத் தொடரைப் புத்தகமாக்கக் கேட்டிருந்த பதிப்பாளரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவர், நல்லவேளை, காகித விலை ஏறிவிட்டது என்றார். குகனிடமிருந்து செய்தி இல்லை. நானாக அழைக்கத் தைரியமும் இல்லை. மார்கழி போய்த் தை பிறந்தபின் ஒரு நாள் அவரே அழைத்தார்.

"தந்திட்டார் அண்ணை. வருசம் முழுக்க. திறப்பும் கையிலை தந்திட்டார்."

காட்டுக் கதவின் சாவி! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "நான் அன்னைக்குக் கத்தினதுக்குக் கோபமில்லையா அவருக்கு?"

"அண்டைக்கு நான், 'இவர் மிருகத்துக்காகக் கவலைப்படுறார்' எண்டு மட்டும்தான் சொன்னனான். இப்ப திறப்பைத் தரேக்கை, உண்மையா என்ன சொன்னவர் எண்டு கேட்டார். பல்லுக் கதை முழுக்கச் சொன்னன். கனநேரம் சிரிச்சார். நான் அண்டைக்குச் சுடாமல் இருந்ததைத் தான் மேட்டிலை நிண்டு பாத்தவராம். அதுக்குத்தான் திறப்பாம்."

"என்னைப் பத்தி ஒன்னும் சொல்லலையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னவர். வாற நவம்பருக்கு உங்களையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"வேட்டைக்கா?"

"இல்லை அண்ணை, காடு கலைக்க. துவக்கு மட்டும் கையிலை குடுக்க வேண்டாமாம். அந்தத் தொண்டை ரெண்டு நாயின்ரை வேலையைத் தனியச் செய்யுமாம்."